மிதிக்காத பிரேக்

விஜயராணி பிரேக்கை மிதிக்கவில்லை. இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாயே வலித்துப்போனது. புருஷனிடம் சொன்னாள், மகனிடம் சொன்னாள், காடி வாங்கின கார்க் கம்பெனியில் கணினியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆளிடம் சொன்னாள், பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவிடம்கூட வேலிக்கு மேலே எட்டிச் சொன்னாள். எல்லாரும் நன்றாகத் தலையாட்டினார்கள். நம்பினவர்கள்தான் ஒருத்தரும் இல்லை.

நடந்தது இதுதான். போன வாரம் சிரம்பானில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மகன் கோகுலராஜும் மருமகள் பவானேஸ்வரியும் கோலாலம்பூரிலிருந்து முதல் நாளே வந்து, பத்து பெரண்டாம் என்ற ஊரில் இருந்த அவள் வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் விஜயராணியின் காடியிலேயே கிளம்பினார்கள். மருமகளுக்கு ஆறாம் மாதம். ஹைவேயில் சிம்பாங் அம்பாட் தாண்டியதும் விஜயராணி க்ரூஸ் பட்டனை அமுக்கிவிட்டுக் காலை எடுத்துக்கொண்டாள். அந்தப் பட்டன் அவளுக்குச் செல்லப்பிள்ளை மாதிரி. அமுக்கிவிட்டால் காடி அதே வேகத்தில் தானே ஓடும், முன்னால் வண்டி வந்தால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இருபத்தெட்டு வருஷம் தொழிற்சாலையில் நின்றே வேலை பார்த்த முழங்காலுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

முன்னால் ரோடு துடைத்துவிட்டது போலக் காலியாக இருந்தது. திடீரென்று முன்பக்கம் எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம். மீட்டரில் முன்னால் ஒரு காடி நிற்பது போலப் படம் வந்தது. அவ்வளவுதான், தலை முன்னால் போய் முட்டாத குறையாக வண்டி பிரேக் பிடித்தது. பின்னால் வந்த செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்காரன் ஹாரனை அலறவிட்டு, பக்கத்துத் தடத்துக்கு ஒடித்து, மயிரிழையில் தப்பித்துப் போனான். போகிறபோது கையை நீட்டி அவன் திட்டியது கண்ணாடி ஏற்றியிருந்தும் புரிந்தது.

"மா! என்ன பண்றீங்க? ஏன் பிரேக் அடிச்சீங்க?" என்று கத்தினான் கோகுலராஜ்.

"நான் அடிக்கலடா. கால் கீழ இருக்கு பாரு."

"அப்ப யாரு அடிச்சா? பேயா?"

அன்றைக்குக் கல்யாண வீட்டில் அவள் இலையில் வைத்த சோறு அப்படியே இருந்தது. திரும்பி வரும்போது ஸ்டியரிங்கில் மகன் உட்கார்ந்திருந்தான். அவளைப் பின்சீட்டில், அவள் காடியிலேயே, மூட்டை மாதிரி உட்கார வைத்திருந்தான். வீடு வந்ததும் சாவியை எடுத்து அவளிடம் கொடுக்காமல், கல்யாணத்துக்கு வராமல் வீட்டில் இருந்த அப்பா காந்தனிடம் கொடுத்தான்.

"அம்மா இனிமே ஓட்ட வேணாம்பா. அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து காடிய நான் எடுத்துட்டுப் போறேன். பவாவுக்குக் குழந்தை பொறந்தா எங்களுக்கும் ரெண்டாவது காடி தேவைப்படும். அம்மா எங்கயாவது போகணும்னா கிராப் டாக்சி பிடிச்சுப் போகட்டும்லா."

காந்தன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மெதுவாக, மென்மையாக, கோவில் திருநீறை மடித்து வைக்கிறவர் மாதிரி. அவருக்கு எதிலும் குரல் உயராது. அரசாங்க ஆபீசில் கிராணியாகப் பேனா பிடித்து ஓய்வு பெற்றவர். ஆயுசில் மோட்டார் சைக்கிளைத் தவிர ஒன்றையும் ஓட்டியதில்லை. மனைவி ஓட்டும்போது பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, சந்திக்குச் சந்தி வலது காலால் தரை விரிப்பை அழுத்துவார். அங்கே பிரேக் ஒன்றும் கிடையாது. விஜயராணி அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவாள்.

"நான் ஒன்ன நம்புறேன் ராணி," என்றார் அன்று ராத்திரி. "சாவி மட்டும் எங்கிட்ட இருக்கட்டும். மனசு கொஞ்சம் ஆறட்டும்."

நம்புகிறாராம்! நம்புகிறவர் சாவியை ஏன் பையில் வைக்கிறார்? அந்தக் காடி ஒன்றும் யாரும் தூக்கிக் கொடுத்ததல்ல. விடியற்காலை இருட்டில் பேக்டரி பஸ்ஸுக்கு நின்று, மழையில் நனைந்து, இரவு வேலை முடிந்து தூங்கி வழிந்தபடி அதே பஸ்ஸில் திரும்பி, கடைசியில் வேலையை விட்ட அன்று தன் பேரில் வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமையானால், தன்னோடு வேலை பார்த்த சிநேகிதிகளை ஏற்றிக்கொண்டு கிளேபாங்குக்குப் போவாள். கடற்கரையோரக் கடையில் தேங்காய் ஷேக் குடித்துவிட்டு, வாய் வலிக்கச் சிரித்துவிட்டு வருவார்கள். ஆயுசில் முதல் தடவையாக, எத்தனை மணிக்குத் திரும்பலாம் என்று அவளே முடிவு செய்தாள். அதைத்தான் இந்த மகன் இப்போது சுருட்டி எடுத்துக்கொண்டு போகப் பார்க்கிறான்.

காடி வாங்கின இடத்து ஆளே வந்து அவளையும் ஏற்றி ஓட்டிக்கொண்டு போக, அங்கே கணினியைச் சொருகிப் பார்த்தார்கள். கூடவே ஒருத்தன் ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். "ஒன்னும் இல்ல ஆண்ட்டி. எல்லாம் நல்லா இருக்கு. சில நேரம் நமக்கே தெரியாம நம்ம காலு..." என்று இழுத்தான்.

"என் காலு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும் தம்பி," என்றாள் விஜயராணி. கண்ணாடி அறைக்குள் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அவளும் நின்றாள்.

சனிக்கிழமை காலை பசியாறியதும் புருஷன் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

"சாவி."

"எங்க போகணும்?"

"சுகுமாரன் பட்டறைக்கு. ரெண்டு சாலை தள்ளித்தான் இருக்கு. பயமா இருந்தா கூடவே வாங்க. இல்லன்னா முன்னால செகப்புக் கொடி புடிச்சுக்கிட்டு ஓடுங்க."

காந்தன் சாவியைக் கொடுத்தார். கூடவே வந்தார். அந்த இரண்டு சாலைக்குள் அவர் கால் தரை விரிப்பை நாலு தடவை அழுத்தியது.

சுகுமாரன் செலண்டார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்து, பத்து பெரண்டாமில் காடி பழுதுபார்க்கிற பட்டறை போட்டவன். விஜயராணியை அக்கா என்பான். ஆள் நல்லவன்தான், ஆனால் அவனும் கதையைக் கேட்டு முடித்ததும் முதல் வேலையாகக் குனிந்து பிரேக் பெடலைத்தான் பார்த்தான்.

"பெடலுக்கு மேல ஒரு சுவிட்சு இருக்குக்கா. அது கெட்டுப்போனா க்ரூஸ் ஒழுங்கா நிக்காது."

சுவிட்சு நன்றாக இருந்தது. பின்னால் போய் விளக்கு எரிகிறதா என்று பார்த்தான். எரிந்தது. ஸ்டியரிங்கில் இருந்த பட்டன்களை ஒவ்வொன்றாக அமுக்கினான். எல்லாம் சொன்னபடி கேட்டது. முன்பக்கம் உட்கார்ந்து, காற்று போகிற முன்வலைக்கு உள்ளே இருந்த சென்சாரை டார்ச் அடித்துப் பார்த்தான். முன்னால் போகிற வண்டியைப் பார்க்கும் கண் அதுதான். சுத்தமாக இருந்தது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே, "எல்லாம் ஓகேதான்கா," என்றான். அவன் கண் ஒரு நொடி காந்தனைப் பார்த்து, பிறகு அவள் செருப்பைப் பார்த்தது.

விஜயராணிக்கு அந்தப் பார்வை போதும்.

"நீயும் என் செருப்பப் பாக்கிறியா சுகு? நல்லாப் பாரு! கழட்டித் தரவா?"

"ஐயோ, அப்படி இல்லக்கா..."

"எப்படி இல்ல? ஒரு வாரமா எல்லாரும் என் காலையே பாக்கிறீங்க. நான் சொன்னத ஒருத்தனாவது காது குடுத்துக் கேட்டீங்களா? 'டக்'குன்னு ஒரு சத்தம் வந்துச்சுன்னு சொன்னேன். ரோட்டுல ஒன்னுமில்ல, மீட்டர்ல மட்டும் காடி படம் வந்துச்சுன்னு சொன்னேன். அத யாராவது தேடினீங்களா?"

பட்டறைக்குள் ஓடிக்கொண்டிருந்த ரேடியோவை காந்தன் போய்க் குறைத்துவிட்டு வந்தார்.

விஜயராணி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் காடிக்கு முன்னால் உட்கார்ந்தாள். பேக்டரியில் அவள் பார்த்தது தரம் பார்க்கிற வேலை. ஒரு சாமான் கெட்டு வந்தால் யார் கெடுத்தது என்று அங்கே முதலில் கேட்க மாட்டார்கள். எப்போது கெடுகிறது, எப்போது கெடவில்லை என்றுதான் கேட்பார்கள். அந்தப் புத்தி அவளை விட்டு இன்னும் போகவில்லை. வாய்விட்டே யோசித்தாள்.

"கிளேபாங்குக்குப் போறப்ப ஒரு நாளும் வரல. ஊருக்குள்ள க்ரூஸ் போட்டுப் பாத்திருக்கேன், அப்பவும் வரல. ஹைவேல மட்டும்தான் வருது. அதுவும் நூறத் தாண்டுனா. போன மாசம் ரெண்டு தடவ லேசா வந்துச்சு. ரெண்டு தடவையும் அந்த 'டக்' கேட்டுச்சு. ஏன் சுகு, நூறுல போறப்ப இருக்கிறது, ஊருக்குள்ள இல்லாதது என்ன?"

சுகுமாரன் தலையைச் சொறிந்தான். "வேகந்தான்..."

"வேகம் சரி. வேகமாப் போனா காடிக்கு முன்னால என்ன வரும்?"

கேட்டுவிட்டு அவளே சட்டென்று எழுந்தாள். டயருக்குக் காற்றடிக்கிற குழாய் சுவரோரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை உருவிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, அது பிரஷர் ஜாஸ்தி, நான் பிடிக்கிறேன்..."

"தள்ளு நீ."

காடியின் முகத்துக்கு நேராகக் குழாயைப் பிடித்து விசையை அழுத்தினாள். காற்று சீறியது. முன்வலையின் தூசியெல்லாம் பறந்தது. மேலே பிடித்தாள், ஒன்றுமில்லை. நடுவில் பிடித்தாள், ஒன்றுமில்லை. கீழ்வலைக்கு நேராகக் கொண்டுபோனாள்.

'டக்.'

விசையிலிருந்து கையை எடுத்தாள். உள்ளே ஏதோ விழுந்து படுத்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி 'டக்'.

"கேட்டுச்சா?" என்று கத்தினாள் விஜயராணி. "இப்ப கேட்டுச்சா? என் காலு எங்க இருக்கு சொல்லு! ரெண்டு காலும் சிமெண்டுத் தரையில இருக்கு!"

சுகுமாரன் தரையில் படுத்தேவிட்டான். "அக்கா, காத்த விடாமப் பிடிங்க... என்னமோ எழும்பி வந்து சென்சார மறைக்குது... ஆண்டவனே, தகடு மாதிரியில்ல இருக்கு!" கீழ்வலையைக் கழற்றிக் கையை உள்ளே விட்டான். வெளியே எடுத்தபோது அவன் விரலில் உள்ளங்கை அளவு செப்புத் தகடு ஒன்று இருந்தது. அறுகோணம் போட்டு, நடுவில் வேல் கீறி, ஓரமெல்லாம் காய்ந்த சந்தனம். அடிப்பக்கம் மட்டும் கறுப்பு டேப்பில் ஒட்டியிருந்தது. மேல்பக்க டேப் எப்போதோ விட்டுப்போயிருந்தது.

"அதான் விஷயம்," என்றான் சுகுமாரன் மூச்சு வாங்க. "சும்மா நிக்கிறப்ப கீழ படுத்துக்குது. கண்ணுல படாது. ஹைவே காத்து அடிச்சா எழும்பி வந்து சென்சார் கண்ணுக்கு நேரா நிக்குது. காடிக்கு என்ன தெரியும்? முன்னால எவனோ குறுக்க வந்துட்டான்னு பிரேக்கப் புடிச்சுடுது. எலுமிச்சம்பழம் தொங்க விட்டுப் பாத்திருக்கேன், மாலை போட்டுப் பாத்திருக்கேன், சென்சாருக்கு முன்னால தகடு ஒட்டி இப்பதான் பாக்கிறேன். யாருக்கா இத உள்ள வச்சா?"

விஜயராணிக்கு ஒன்றும் புரியவில்லை. காடி வாங்கினதும் பூசை போட்டார்கள், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார்கள், பொட்டு வைத்தார்கள். எல்லாம் அவள் கண்ணுக்கு முன்னால் நடந்தது. தகடு எதுவும் வைக்கவில்லையே? புருஷனிடம் கேட்கலாம் என்று திரும்பினாள்.

காந்தன் ரேடியோவுக்குப் பக்கத்தில் நின்று, அதில் அலைவரிசை எண் இருக்கும் இடத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க."

அவர் திரும்பவில்லை.

"என்னங்க! இங்க பாருங்க!"

"செலண்டார்ல ஒரு பூசாரி மந்திரிச்சுக் குடுத்தாரு," என்றார் காந்தன் ரேடியோவிடம். "ஓட்டுறவங்களுக்குத் தெரியாம வைக்கணும்னாரு."

"எப்ப?"

"நீ காடி எடுத்த வாரமே."

எடுத்த வாரமே! அவள் ஒரு கம்பத்தில் இடித்ததில்லை, ஒரு கோடு கீறினதில்லை, ஒரு சம்மன் வாங்கினதில்லை. அதற்குள்ளேயே மனுஷன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு செலண்டார் வரைக்கும் போயிருக்கிறார். ஒவ்வொரு தடவை அவள் சாவியை எடுக்கும்போதும், "பாத்துப் போ ராணி, ஒனக்கென்ன, ராஜாத்தி மாதிரி ஓட்டுவ," என்று சிரித்த முகத்தோடு வாசலில் நின்றவர், அவளுக்குத் தெரியாமல் வலைக்குள் கைவிட்டு டேப் ஒட்டியிருக்கிறார். இந்த ஒரு வாரம் அவள் குரல் கட்டக் கத்தினதையும் பக்கத்தில் இருந்தே கேட்டிருக்கிறார்.

"நம்புறேன் நம்புறேன்னு சொன்னீங்களே!" அவள் குரல் உடைந்தது. அழுகை அல்ல அது, ஆத்திரம். "இதுவா நம்புறது?"

"ஒன்ன நம்பாம இல்ல ராணி. ரோட்டுல வர்ற லோரிக்காரன்தான்..."

"அப்ப லோரிக்காரன் வண்டியில கொண்டுபோய் ஒட்ட வேண்டியதுதானே! என் வண்டியில ஏன் ஒட்டுனீங்க?"

"சத்தியமா இதுனால வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது," என்றார் காந்தன். அது உண்மையாகத்தான் இருக்கும். அவருக்கு சென்சார் எது, ஹாரன் எது என்று எங்கே தெரியும்? ஆனால் தெரியாதவர் கேட்டிருக்க வேண்டாமா? சுகுமாரன் சத்தமில்லாமல் வலையைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தான். காந்தன் அவன் பக்கம் சாய்ந்து தாழ்ந்த குரலில், "சுகு, கோகுல் கேட்டா வயர் லூசுன்னு சொல்லிடு. தகடுன்னு சொன்னா அவன் என்னைக் கேலி பண்ணியே கொன்னுடுவான்," என்றார்.

கேட்டுக்கொண்டு சும்மா இருக்க விஜயராணி என்ன மரமா? கைப்பேசியை எடுத்து மகனைக் கூப்பிட்டாள், சத்தத்தைப் பெரிதாக வைத்தாள், புருஷன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க. ஒரு வாரம் என் காலு பேசுச்சு. இப்ப உங்க வாய் பேசட்டும்."

காந்தன் சொன்னார். தகடு, செலண்டார், டேப், காற்று, எல்லாம். அந்தப் பக்கம் கோகுலராஜ் சிரித்துவிட்டான்.

"ஐயோ அப்பா! சரி விடுங்கமா, அப்பா உங்க நல்லதுக்குத்தானே செஞ்சாரு. அதான் சரியாயிடுச்சே. நாளைக்கு நான் வந்து காடிய..."

"என்னங்க, போன இங்க குடுங்க." மருமகளின் குரல் குறுக்கே வந்தது. "அத்தை, அந்த 'டக்' சத்தம் எனக்கும் கேட்டுச்சு அத்தை. அன்னைக்கே இவர்கிட்ட சொன்னேன். மாசமா இருக்கிற, பயத்துல ஏதோ கேட்டிருக்கும், சும்மா இருன்னுட்டாரு."

விஜயராணி கண்ணை மூடித் திறந்தாள். ஆகக்கூடி, காது உள்ளவர்கள் இரண்டு பேர் அந்தக் காடியில் இருந்திருக்கிறார்கள். இரண்டு பேரையும் சும்மா இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

"நல்லா இரும்மா பவா," என்றாள். "போன அவன்கிட்ட குடு." அந்தப் பக்கம் மகன் மூச்சு விடுவது கேட்டது. "கோகுல், நாளைக்கு வா. பவாவையும் கூட்டிட்டு வா. ரெண்டு பேரும் பசியாறிட்டு இருந்துட்டுப் போங்க. காடிய மட்டும் கேக்காத."

"சாரிமா," என்றான் கோகுலராஜ். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

அவள் தகட்டைச் சுகுமாரன் கையிலிருந்து வாங்கினாள். முருகன் மேல் அவளுக்கு என்ன கோபம்? புடவைத் தலைப்பால் துடைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு புருஷன் பக்கத்தில் போய், இத்தனை நாள் சாவி இருந்த அதே சட்டைப் பையில் அதைப் போட்டாள்.

"பயம் எனக்கு இல்ல, உங்களுக்குத்தான். நீங்களே வச்சுக்குங்க. ஏறுங்க, ஓட்டிப் பாக்கணும்."

"நான் வீட்டுக்கு நடந்தே..."

"ஏறுங்கன்னேன்."

ஆயர் குரோவில் ஹைவே ஏறினாள். ஊசி எண்பதைத் தாண்டியது, நூறைத் தாண்டியது. நூற்றுப் பத்தில் க்ரூஸ் பட்டனை அமுக்கிவிட்டுக் காலை எடுத்தாள். சிம்பாங் அம்பாட் பலகை வந்தது, பின்னால் போனது. முன்னால் போன லோரியைக் கண்டு காடி தானே பதமாக வேகத்தைக் குறைத்தது, லோரி ஒதுங்கியதும் தானே எடுத்தது. காற்று மட்டும் இரைந்தது. 'டக்' வரவே இல்லை.

ஓரக்கண்ணால் பக்கத்துச் சீட்டைப் பார்த்தாள். காந்தனின் வலது கால் தரை விரிப்பைத் துளைத்துவிடுவது போல அழுத்திக்கொண்டிருந்தது.

"காலத் தூக்குங்க."

"என்ன?"

"இத்தன வருஷமா அங்க இல்லாத பிரேக்க மிதிச்சது நீங்க. பழி மட்டும் எனக்கு. தூக்குங்க ரெண்டு காலையும்!"

காந்தன் அவள் முகத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். பெல்ட்டுக்குள்ளேயே நெளிந்து, ஒவ்வொரு காலாகத் தூக்கி, கல்யாணப் பந்தியில் உட்காருகிற மாதிரி சீட்டில் சம்மணம் போட்டுக்கொண்டார். டோல் வருகிற வரைக்கும் அப்படியேதான் இருந்தார். கை மட்டும் சட்டைப் பையைப் பொத்திப் பிடித்திருந்தது. அதை அவள் ஒன்றும் சொல்லவில்லை.